கண்ணைக் கழற்றிக் கழுவுகிறவள்

தேவமாதா துணை

நெளுக்குளம்,
வவுனியா.
1998 ஓகஸ்ட்

அன்பு மகன் மெல்ரொனுக்கு,

அப்பா பஸ்தியாம்பிள்ளை எழுதுவது. நானும் அம்மாவும் உன் மனைவி நிதர்சனாவும் ஆண்டவர் தந்த சுகத்தோடு இருக்கிறோம். அந்தக் குளிர் நாட்டில் உனக்கு நெஞ்சுச்சளி பிடிக்கக் கூடாது என்று அம்மா செபமாலையில் உனக்கென்று தனியாக ஒரு மணி உருட்டுகிறாள்.

எழுத்து ஏன் கோணலாகக் கிடக்கிறது என்று யோசிப்பாய். இது என் சொந்தக் கை. இவ்வளவு நாளும் நான் சொல்லச் சொல்ல நிதர்சனாதான் எழுதினாள். இந்தக் கடிதத்தை அவளைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு மனம் வரவில்லை. கடலில் நின்ற காலத்தோடு பார்த்தால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம். அதனால் நீ ஆறுதலாக வாசி. நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். நான் கதிரையில் இருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். உனக்கு அங்கே இருக்க விசா கிடைத்ததை வாசித்தபோது அம்மா கீரையை விட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். எல்லாம் முடிந்து, இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் நீ நெருக்கி எழுதியிருந்ததையும் அவள்தான் வாசித்தாள். அவளுக்கு ஒரு கண் போய்விட்டதாம், கண்ணாடிக் கண் வைத்திருக்கிறாளாம், ஏன் எனக்கு மறைத்தீர்கள், கூப்பிடுகிற அலுவலை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன். குரல் மாறாமல் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவளுக்குக் கண் இல்லை, வேறு ஆரையாவது பிடித்துத்தான் வாசிப்பிப்பார்கள் என்று நினைத்தாயோ, எனக்குத் தெரியாது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். பக்கத்து வளவு இளையதம்பியின் பெண்சாதியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். கூடாத மனுசி இல்லை. எங்களுக்கு உப்பு, புளி முடிந்தால் வேலிக்கு மேலால் தருகிறவள். ஆனால் கண்டதைக் கண்டபடி சொல்ல அவளுக்கு வராது. எங்கள் ஆடு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாய் மேய்ந்தால், தோட்டமே போய்விட்டது என்று ஊருக்குச் சொல்வாள். ஒருநாள் கிடுகு வேலி இடுக்கால் எட்டிப் பார்த்திருக்கிறாள். நிதர்சனா மேசையில் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டு, சின்ன ரப்பர் ஒன்றால் கண்ணுக்குள் இருந்து எதையோ இழுத்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கழுவியதைக் கண்டாள். அவ்வளவுதான். 'பஸ்தியாம்பிள்ளையரின்ரை மருமகள் கண்ணைக் கழட்டிக் கழுவுறாள்' என்று கதை புறப்பட்டுவிட்டது. அவளுடைய தம்பி பாரிசில் இருக்கிறானாம். அவன் வாயால் கதை விசா இல்லாமலே உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

மகன், கண்ணைக் கழற்ற முடியுமென்றால் நான் கடலுக்குப் போன காலம் முழுக்கக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பேன். உப்புக் காற்றில் எரியாமலாவது இருந்திருக்கும்.

அவளுக்குக் கண் போகவில்லை. அவள் போட்டிருக்கிறது லென்ஸ். சும்மா லென்ஸ் என்றால் உனக்குத் தெரிந்திருக்கும், அங்கே ஆட்கள் போடுவார்கள். இது அதைவிடப் பெரிது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நீ போய்க் கொஞ்சக் காலத்தில் அவளுக்குப் பார்வை குழம்பத் தொடங்கியது. விளக்கைப் பார்த்தால் ஒன்று ஐந்தாறாகத் தெரியுதாம், ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்குதாம். கண்ணாடி போட்டாள், மாற்றினாள், திரும்பவும் மாற்றினாள். வவுனியாவில் ஒரு டொக்டர்தான் பிடித்தார். கருவிழி உருண்டையாக இருக்க வேண்டியது, இவளுக்கு இரண்டு கண்ணிலும் மெலிந்து கூம்பி முன்னுக்குத் தள்ளுகிறது என்றார். வள்ளத்தின் அணியம் மாதிரியோ என்று கேட்டேன். ஓம் ஐயா, அப்படித்தான் என்றார். நல்ல மனிதர்.

மறைத்தது என்று எழுதியிருக்கிறாய். அப்போது நீ அங்கே அகதி முகாமில் ஒரு கட்டிலில் மூன்று பேர் முறை வைத்துப் படுக்கிறோம் என்று எழுதியிருந்தாய். இவர் இருக்கிற இருப்பில் இதையும் எழுத வேண்டாம் மாமா, ஒரு வழி கிடைக்கட்டும், பிறகு எழுதுவோம் என்று அவள்தான் கேட்டாள். நல்ல செய்தியோடு சேர்த்து எழுதுவோம் என்று நாங்கள் காத்திருந்தோம். அதற்குள் இளையதம்பியின் பெண்சாதி முந்திவிட்டாள்.

ஆமியிடம் பாஸ் எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனோம். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்கினோம். ரெயிலில் ஏறின நேரம் தொடங்கி அம்மா செபம் சொல்ல, முன்னால் இருந்த சிங்களக் கிழவர் ஒருவர் தோடம்பழம் உரித்து அம்மாவின் கையில் வைத்தார். அவருடைய பாசை எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவருக்குத் தெரியாது. தோடம்பழம் நல்ல இனிப்பு. அதை விடு.

அங்கே ஆசுபத்திரியில் முதலில் சின்ன லென்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். கூம்பின கருவிழியில் அது எப்படி நிற்கும். கண்ணைச் சிமிட்டினால் வழுகி விழும். ஒன்று மீன் கழுவின தண்ணீரோடு போய் விட்டது, அம்மாவும் நானும் வாசலில் முழங்காலில் நின்று தேடினோம். மற்றது நின்றாலும் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கடைசியில் வவுனியா டொக்டர்தான், இதற்கென்றே கொழும்பில் ஒரு ஆள் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று அனுப்பினார்.

அந்த ஆளின் பெயர் மீனம்மா. மலையகத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, மதராசில் இந்தப் படிப்பைப் படித்து, கலியாணம் முடித்துத் திரும்பக் கொழும்புக்கு வந்தவர். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவருடைய பொறுமையைப் போல ஒரு பொறுமையை நான் கடலிலும் காணவில்லை, கரையிலும் காணவில்லை.

அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இந்தப் பெரிய லென்ஸ் கருவிழியில் தொடவே தொடாது. அதைத் தாண்டிப் போய் வெள்ளை விழியில் இருக்கும். நடுவில் இருக்கிற இடைவெளியில் உப்புத் தண்ணீர் நிற்கும். கருவிழி எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் நிரவிவிடும், மேலே லென்ஸ் வழவழப்பாக இருக்கும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அடியில் பாறை எப்படிக் கிடந்தாலும் மேலே கடல் மட்டமாகத்தானே கிடக்கிறது.

பார்த்த உடனே ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்புகிற வேலை இல்லை அது. ஒரு பெட்டி நிறைய அளவு பார்க்கிற லென்ஸ் வைத்திருந்தார். ஒன்றை வைத்து, மஞ்சளாக ஒரு சாயத் தண்ணீர் விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது, அமாவாசைக் கடலில் துடுப்புப் போட்டால் மினுங்குமே, அந்த மாதிரி. நடுவில் மட்டும் ஒரு கறுப்பு. அந்த இடத்தில் தட்டுகிறது, இது கூடாது என்று எடுத்தார். இன்னும் உயர்ந்ததை வைத்தார். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உள்ளே காற்றுக் குமிழி நின்றது. அதுவும் கூடாது.

அடுத்தது சரிபோலத் தெரிந்தது. நான் எழும்பிவிட்டேன். இருங்க ஐயா, இனித்தான் பார்க்கணும் என்றார். லென்ஸ் வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அமிழுமாம். ஆட்கள் ஏறிச் சாமான் ஏற்றின பிறகுதானே வள்ளத்தின் உண்மையான தண்ணீர்மட்டம் தெரியும். அதேபோல அவளை நெடுநேரம் இருத்திவைத்துத் திரும்பப் பார்த்தார். ஓரம் வெள்ளை விழியைப் பிடித்து அழுத்தி, அந்த இடத்து இரத்த நரம்புகள் வெளிறிக் கிடந்தன. இப்போது நோகாது, ஆனால் மாலையில் கண் சிவந்து லென்ஸ் இறுகிவிடும் என்று அதையும் தள்ளினார். இப்படி இரண்டு நாள். நிதர்சனாவுக்குக் கண்ணால் ஆறாக ஓடியது. போதும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மீனம்மாவும் சலிக்கவில்லை. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் களைத்துப்போனேன்.

அளவை வெளிநாட்டுக்கு அனுப்பி லென்ஸ் வெட்டி வந்தது. போட்ட அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது அம்மாவை. கன நேரம் பார்த்துவிட்டு, 'மாமி, உங்கடை மூக்குக்குப் பக்கத்தில மச்சம் இருக்கிறது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது' என்றாள். அம்மா அழுதாள். பிறகு மச்சம் அவ்வளவு பெரிதாகவா தெரிகிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வவுனியா வரைக்கும் வந்தாள்.

போடுகிறது பெரிய வித்தை. ரப்பர்க் குமிழில் லென்ஸை நிமிர்த்தி வைத்து, விளிம்பு வரைக்கும் சேலைன் விட்டு, முகத்தை நிலத்துக்கு நேரே குனிந்து, கண்ணைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினால் குமிழி உள்ளே போய்விடும், பிறகு கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் விடியச் சமையல் தொடங்க முதல் குந்தினாள் என்றால் அடுப்பில் சோறு வடிக்கிற நேரத்தில்தான் எழும்புவாள். இப்போது நான் ஒரு சுருட்டுப் பற்றவைக்க முதல் போட்டுவிடுவாள். கழற்றும்போது ரப்பரை நடுவில் ஒட்டி இழுக்கக் கூடாது, ஓரத்தில் பிடித்துக் கிளப்ப வேண்டும். மத்தியானத்தில் உள்ளே தண்ணீர் கலங்கிப் பனிப்புகார் மூடின மாதிரி வரும். எடுத்துக் கழுவிப் புதுச் சேலைன் விட்டுப் போடுவாள். படுக்கும்போது போடக் கூடாது. கிணற்றுத் தண்ணீர், பைப் தண்ணீர் ஒன்றும் படக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் தொடக் கூடாது. ஒன்றையும் அவள் தவற விடவில்லை.

ஆனால் ஒரு தவறு நடந்தது. அதை உன்னிடம் சொல்லச் சொல்லி அம்மாவே கேட்டிருக்கிறாள், அதனால் சொல்கிறேன்.

போன மாசி மாதம் நானும் அவளும் கொழும்புக்குப் போய் சேலைன் வாங்கிக்கொண்டு வந்தோம். சின்னச் சின்னப் போத்தல். ஆமிச் சென்றியில் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்துத்தான் விட்டார்கள். திறந்த போத்தல் கண்ணுக்கு உதவாது. எல்லாவற்றையும் ஒதுக்கினாள். பையின் அடியில் கிடந்த கொஞ்சம்தான் தப்பியது. அதற்குப் பிறகு பாஸ் கிடைக்கச் சுணங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் லென்ஸைப் போட்டுக்கொண்டு மற்ற நாளெல்லாம் சுவரைப் பிடித்து நடந்தாள். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

மீனம்மா சொன்னது, சேலைன் என்றால் மருந்து ஒன்றும் கலக்காத சுத்தமான உப்புத் தண்ணீர் என்று. அது அம்மாவின் காதுக்குள் கிடந்து ஊறியது. எங்கள் கோயிலில் பங்குச் சுவாமி தீர்த்தத்தை எப்படி மந்திரிக்கிறார்? உப்புப் போட்டு. மருந்து கலக்கிறாரா? இல்லை. அதற்கு மேலே செபமும் சொல்கிறார். இதைவிடச் சுத்தமான உப்புத் தண்ணீர் உலகத்தில் எங்கே இருக்கும் என்று உன் அம்மா புனிதமலர் தன் பாட்டில் தீர்மானித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் காலையில் திறந்த போத்தல் மத்தியானத்துக்குப் போதாது என்று அம்மா கண்டு, அலுமாரியில் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் இருந்த தீர்த்தத்தை எடுத்து அதை நிரப்பி வைத்துவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. நன்மை செய்தால் சொல்லக் கூடாதாம்.

மத்தியானம் நிதர்சனா அந்தத் தண்ணீரை விட்டுத்தான் போட்டாள். மாலையில் ஒரு கண்ணில் லென்ஸ் கழலவில்லை. இறுகி உறிஞ்சிப் பிடித்துவிட்டது. வேறு ஆரும் என்றால் பயந்து இழுத்திருப்பார்கள். அவள் கதிரையில் இருந்து, கண்ணுக்குச் சேலைன் சொட்டுப் போட்டு, லென்ஸ் ஓரத்து வெள்ளையை விரலால் மெல்ல அமத்தி அமத்தி உள்ளே ஈரம் போகப் பண்ணி, ஓரத்தால் கிளப்பி எடுத்தாள்.  அடுத்த நாள் அந்தக் கண் கொவ்வைப்பழம். வெளிச்சம் பட்டால் துடித்தாள். ஆசுபத்திரியில் பார்த்துவிட்டு, கருவிழியில் கிருமி பிடித்து ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது, நடுவுக்குப் பரவினால் பார்வை போய்விடும் என்றார்கள். மணிக்கு மணி மருந்து விட்டோம். அம்மா சாப்பிடவில்லை.

பாஸ் எடுக்கக் கடிதம் தந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று பேரும் போனோம். மீனம்மா பார்த்துவிட்டு, என்ன தண்ணீர் விட்டாய் என்று கேட்டார். நிதர்சனா, போத்தல் எனக்கு மாறிப்போச்சுது மிஸ் என்றாள். மகன், அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மாலையே போத்தலை மணந்து பார்த்து, மெழுகுதிரியும் ஊதுபத்தியும் மணந்ததைக் கண்டவள். எனக்கும் சொல்லவில்லை, மாமியாரிடமும் கேட்கவில்லை. தன் கண் போகிறதா நிற்கிறதா என்று தெரியாத நேரத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இருந்தாள்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. எழும்பி நின்று, தீர்த்தம் விட்டது நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த மனுசி ஏசுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மாவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்.

'சாமித் தண்ணிய நெத்தியில வச்சுக்குங்கம்மா. கண்ணுக்குள்ள விடாதீங்க. சாமி கோவிச்சுக்காது, கிருமிக்குத்தான் சாமி தெரியாது.'

பிறகு எங்கள் எல்லோருக்கும் முதலில் இருந்து சொல்லித் தந்தார், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். அந்தக் கண் லென்ஸின் ஓரம் ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாக வந்திருப்பதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். அது என்ரை பிழை, நான் இன்னும் தளர்த்தியிருக்க வேணும் என்கிற மாதிரித் தன் பாசையில் சொன்னார். படித்தவர் ஒருவர் எங்கள் முன்னால் அப்படிச் சொன்னதை நான் இதற்கு முதல் கேட்கவில்லை. கண் ஆறும் வரைக்கும் லென்ஸை நிறுத்தி, ஓரத்தைத் திருத்திப் புதிது எடுப்பித்துத் தந்தார்.

ஆண்டவர் இரங்கினார். புள்ளி ஆறிவிட்டது. கடுகளவு தழும்பு ஓரத்தில் கிடக்கிறது, பார்வையை மறைக்கவில்லை. இப்போது ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறது அவள்தான். அம்மா, அவள் லென்ஸைத் தொடுகிற நேரம் பக்கத்தில் சவர்க்காரத்தோடு காவல் நிற்கிறாள். என்னைக் கிட்ட விடுகிறதே இல்லை, கடலை விட்டு இவ்வளவு காலமாகியும் மீன் மணக்குதாம்.

உனக்கு ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பதால் மற்றதையும் எழுதுகிறேன். லென்ஸைக் கழற்றினால் அவளுக்கு முகம் தெரியாது. கண் வருத்தம் குணமாகவில்லை, கருவிழி இனியும் கூம்பக்கூடும். ஒருநாள் கருவிழி மாற்ற வேண்டியும் வரலாம் என்று மீனம்மா சொல்லியிருக்கிறார். அவளோடு வாழுகிறவன் சேலைன் போத்தலோடும் வாழ வேண்டும். அது உண்மை. அதைத் தெரிந்துகொண்டுதான் நீ தீர்மானிக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் குசினிக்குள் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகைதானோ என்னவோ, கண் கலங்கிக் கிடந்தது. நான் எழுதி விளங்கப்படுத்துகிறேன் பிள்ளை, அவன் ஆரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டான் என்றேன். அவள் திரும்பவில்லை.

'அவருக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லையெண்டால் சொல்லட்டும் மாமா. எனக்குப் பார்வையில்லை எண்டு மட்டும் சொல்ல வேண்டாம்.'

 அதற்குப் பிறகும் காலையில் எழும்பிக் குனிந்து லென்ஸைப் போடுகிறாள், வேலையைப் பார்க்கிறாள். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கை ஒரு கணம் நிற்கிறது.

மகன், நான் உன்னைக் கட்டாயப்படுத்தி எழுதவில்லை. நீ எங்கள் பிள்ளை. அவளும் இப்போது எங்கள் பிள்ளைதான். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இந்த வீட்டில் அவளுக்கு இடம் இருக்கிறது என்று அம்மா எழுதச் சொன்னாள். ஆனால் அந்தத் தீர்மானம் என்ன என்றாலும் எனக்கு எழுதாதே. அம்மாவுக்கும் எழுதாதே. உறையின் மேலே அவளுடைய பெயரைப் போட்டு அவளுக்கே எழுது.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள். பனிக்குள் தலையை மூடிக்கொண்டு போ. மாதா உன் கண்ணையும் காக்கட்டும்.

இப்படிக்கு
உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா
ம. பஸ்தியாம்பிள்ளை